ஆனதோத் நிலத்தின் கிரயப் பத்திரம்



தண்டிக்கிற கடவுளும் வாக்குத் தவறாத கடவுளும் எப்படி ஒருவராக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு வேதாகமம் முழுவதையும் புரட்டிப் பதில் தேடலாம். நான் ஒரே ஒரு நிலக் கிரயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது எரேமியா 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

சிதேக்கியா அரசனின் 10ஆம் ஆண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காகத் தீர்க்கதரிசி எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவரைத் தேடி வருகிறார் பெரியப்பா சல்லூமின் மகன் அனாமெயேல். ஆனதோத்தில் உள்ள நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே, நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஊர். முற்றுகைக்கு நடுவே அந்த நிலத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்?

எரேமியா கொடுத்தார். 17 சேக்கல் வெள்ளி. யூதாவில் நாணயப் புழக்கம் வராத காலம் என்பதால் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்டதையும் திறந்ததையும் நேரியாவின் மகன் பாருக்கிடம் ஒப்படைத்தார். நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இது கதைக்காகச் சேர்த்த அலங்காரமில்லை. 1961இல் சாக்கடல் பக்கத்துக் குகை ஒன்றில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணங்கள் கிடைத்தன. அவை எரேமியாவுக்கு 700 ஆண்டுகள் பிந்தியவை. ஆனாலும் ஒரே வாசகத்தை இருமுறை எழுதி, ஒன்றைச் சுருட்டிக் கட்டி, மற்றதைப் படிக்கத் திறந்து வைக்கும் முறை அவற்றில் இருக்கிறது. பின்னாளில் வழக்கு வந்தால் கட்டைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னாள் ஒன்று உண்டு என்று நம்புகிறவர்தான் இத்தனை பக்குவமாகப் பத்திரம் எழுதுவார்.

கிரயம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். முதலில் கீழ்ப்படிந்துவிட்டு, பிறகு கேள்வி கேட்கிறார். ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் காட்டுகிறவர், தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகள் மடியில் சரிக்கட்டுகிறவர் என்று, சீனாயில் மோசே கேட்ட பழைய அறிக்கையின் இரு பாதியையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பிறகு, மதிலருகே எதிரி குவித்த மண்மேடுகளைப் பாரும், நகரம் கைமாறிவிட்டது, என்னையோ நிலம் வாங்கச் சொன்னீர் என்கிறார். அங்கேயே ஜெபம் நின்றுவிடுகிறது.

வந்த பதில் தீர்ப்பைக் குறைக்கவில்லை. நகரம் எரியும் என்று மறுபடி சொல்கிறது. அதன்பின் திரும்பக் கூட்டிச் சேர்ப்பேன், என்றென்றைக்குமான உடன்படிக்கை செய்வேன் என்கிறது. இந்தத் தீங்கை வரப்பண்ணியதுபோலவே அந்த நன்மையையும் வரப்பண்ணுவேன் என்பது அதன் சாரம். அழிவைச் சொன்ன வாய்தான் திரும்புதலையும் சொல்கிறது. முதல் சொல் பலித்தது என்பதே இரண்டாவது சொல்லை நம்பக் காரணம். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

இதற்கு மாறாகப் பேசிய அனனியா என்ற தீர்க்கதரிசியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும் என்று அவன் அறிவித்தான். மக்கள் அதை நம்பக் காரணம் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிபின் படை எருசலேமைப் பிடிக்க முடியாமல் திரும்பியதை அவர்கள் மறக்கவில்லை. எரேமியாகூட முதலில் ஆமென் என்றார், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தீர்ப்பைக் கழித்துவிட்ட வாக்குறுதி பொய் வாக்குறுதி என்று பிறகு அனனியாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

இந்த விளக்கம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தாய்மடியில் பசியால் உயிர்விட்ட பிள்ளைகளைப் பற்றிப் புலம்பல் நூல் பேசுகிறது. எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற கலக்கத்தோடுதான் அந்த நூல் முடிகிறது. யூத ஜெப ஆலயங்களில் அந்தக் கடைசி வசனத்தோடு நிறுத்தாமல், முந்தைய வசனத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தாலும் கடைசி வசனத்தை அவர்கள் நீக்கிவிடவில்லை. இறையியல் மாணவர்களே, மரண வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போது 32ஆம் அதிகாரத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆனதோத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அது எரேமியாவின் சொந்த ஊர். அவர் வாயை அடைக்க, உயிரையே வாங்கத் திட்டமிட்டவர்கள் அந்த ஊரார். அவர்களில் மீதியானவர் இருப்பதில்லை என்று 11ஆம் அதிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. அந்த ஊரில்தான் அவர் நிலம் வாங்கினார். அதை அவர் உழுததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார், அங்கேயே அவர் கதை நின்றுபோகிறது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஊர் ஊராகத் தலை எண்ணிக்கை தந்திருக்கிறார்கள். ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.