பாடாண் அன்று, தூது



இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவையார் அவன் அவையில் வீற்றிருந்த ஊர். அவ்வம்மையார் இங்கு இருவகைப் பணி செய்தார். அதியமானைப் பாடியது ஒன்று. அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றது மற்றொன்று. பாடுவதற்கு உள்ளம் முழுதும் உடன்பட்டால் போதும். தூதுக்கோ எதிரே நிற்பவர் யார், எச்சொல்லுக்கு என்ன விளைவு என்னும் கணக்கும் வேண்டும். தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, அவை போர் காணாதவை என்பதை அவர் உணர்த்தியது அந்தக் கணக்கினால்தான்.

தேர்தல் நாளில் கவிஞர் பலர் தடுமாறுவது இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் ஆகும். வாக்கினைப் பாடாண் பாட்டாகக் கருதுகின்றனர். பாடத் தகுந்த தலைவன் இல்லை. ஆதலின் வாக்கும் இல்லை என்கின்றனர். அத்தயக்கம் இழிவானதன்று. தகுதியற்றோரைப் பாட நாணிய புலவர் மரபில் வந்தது அது. ஆயினும் வாக்கு எவரையும் நல்லவர் என்று சான்றளிப்பதில்லை. வரக்கூடியவருள் இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்று சொல்லி அனுப்பும் தூதே அது.

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவாயிற்று. தமிழகத்தில் அதுவே மிகுதி. தி.மு.க. வேட்பாளர் வென்றார், பா.ம.க. வேட்பாளர் ஏறத்தாழ 21,300 வாக்குகளில் தோற்றார். மூன்றாம் இடம் பெற்ற அ.தி.மு.க. வேட்பாளருக்கு 2.9 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. முடிவு எவருக்கு இனித்தது, எவருக்குக் கசந்தது என்பது இங்குப் பொருளன்று. மூன்றாமவரின் வாக்குகளில் பதின்மூன்றில் ஒரு பங்கு இடம் மாறியிருந்தாலே முதலிடம் மாறியிருக்கக்கூடும். அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் முறை நடக்கும்வரை, இந்தக் கணக்கை ஒதுக்குபவர் பிறர் போடும் கணக்குக்கு உட்படுகிறார்.

உச்ச நீதிமன்றம் 2013-இல் அளித்த தீர்ப்பினால் ‘நோட்டா’ வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தருமபுரியின் அண்டை மாவட்டமாகிய சேலத்தின் ஏற்காடு இடைத்தேர்தலில் தமிழகம் அதனை முதன்முதலாகக் கண்டது. வெறுப்பைப் பதிவு செய்ய அது நல்ல கருவியே. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றாலும், வேட்பாளருள் மிகுதி வாக்குப் பெற்றவரே வென்றவராவார். நோட்டா முறையீடு, தடுப்பாணை அன்று.

பிரான்சு நாட்டிலும் இதற்கொரு பாடம் உண்டு. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதற்சுற்றில் 16 பேர் நின்றனர். இடதுசாரி வாக்குகள் மனம் விரும்பியவாறு சிதறின. சோசலிச வேட்பாளர் ஜோஸ்பன், தீவிர வலதுசாரியான லெ பென்னிடம் 2 இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளில் பின்தங்கினார். இரண்டாம் சுற்றுக்கு வரவே இல்லை. பின்னர் அதே இடதுசாரிகள் தாம் எதிர்த்துவந்த சிராக்குக்கே வாக்களித்தனர். அவர் 82 விழுக்காடு பெற்றார். அவர்கள் சிராக்கைப் பாடவில்லை. லெ பென்னைத் தடுத்தனர்.

அங்ஙனமாயின் சிறு கட்சிக்கு இடும் வாக்கெல்லாம் வீணோ எனின், அன்று. மாநிலத்தில் 8 விழுக்காடு வாக்குப் பெறும் கட்சி, ஓரிடமும் வெல்லாவிடினும் ஏற்பிசைவு பெறும். நாம் தமிழர் கட்சி 2024 தேர்தலில் அவ்வரம்பைக் கடந்து, மறு ஆண்டு அத்தகுதியை எய்தியது. எனவே கணக்கு ஒன்றன்று, இரண்டு. போட்டி நெருக்கமான தொகுதியில் தீமை குறைந்தவர் பக்கம் சாய்வது ஒன்று. முடிவு முன்னரே தெளிந்த தொகுதியில் உள்ளம் விரும்பும் சிறு குரலை வளர்ப்பது மற்றொன்று. எத்தொகுதி எவ்வகையது என்று ஆராய்வதே வாக்காளரின் உழைப்பு.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. தீமை குறைந்தவருக்கு வாக்களித்தவர், பின்னர் அத்தீமைக்கு வாதாடத் தொடங்குதல் உண்டு. அங்கேதான் கவிஞன் கெடுகிறான். தொண்டைமான் அவைக்குச் சென்ற ஔவையார் தொண்டைமானின் புலவராகிவிடவில்லை. வாக்களித்த மறுநாளே, தான் வாக்களித்தவரின் குற்றத்தை முதலில் எழுதுபவனாகக் கவிஞன் இருத்தல் வேண்டும். வாக்கைக் கணக்கிட்டு அளிக்கலாம். பாட்டை அவ்வாறு அளித்தலாகாது.