கூலிக்கு விதி எழுதியவர்களும் வேலி போட்டவர்களும்



பொருளியல் பாடநூலின் தொடக்கத்தில் இரண்டு ஆய்வு முறைகள் வரும்: பகுத்தாய்வு முறை, வரலாற்று முறை. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் நம் கூலியும் நிலமும் இந்தச் சண்டைக்குள்தான் இருக்கின்றன.

1817-இல் டேவிட் ரிக்கார்டோ சில எடுகோள்களிலிருந்து கூலி, இலாபம், நிலவாரம் ஆகியவற்றுக்கு விதிகளைத் தருவித்தார். மனிதர் ஆதாயத்தை நாடுவார், கூலி கூடுதலான தொழிலுக்குப் போவார் என்பது இந்த மரபின் அடிப்படை. காலமும் இடமும் இல்லாத இந்த மனிதர் யார் என்று ஜெர்மன் வரலாற்றுப் பள்ளி கேட்டது. 1883-இல் வியன்னாவின் கார்ல் மெங்கர் கோட்பாட்டு முறையை ஆதரித்து நூல் எழுதினார். பெர்லினின் குஸ்தாவ் ஷ்மோலர் அதைக் கடுமையாக விமர்சித்தார். மறு ஆண்டே மெங்கர் பதில் நூல் வெளியிட்டார்.

இது பேராசிரியர்களின் சண்டை மட்டுமல்ல. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தபோது, தானியச் சந்தையில் தலையிடக் கூடாது என்பதே காலனி அரசின் கொள்கை. விதி சரியாக இருந்தது. வாங்கக் காசு இல்லாதவர்கள் அந்த விதிக்குள் இல்லை.

1892-இல் புனேயில் ரானடே வரலாற்று முறையைக் கையில் எடுத்தார். இங்கே தனிமனிதரைவிடக் குடும்பமும் சாதியும் வலியவை, ஆகவே ஆங்கிலேயக் கோட்பாடு அப்படியே பொருந்தாது என்றார். சரிதான். ஆனால் வரலாற்று முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. 'இந்த ஊர் வழக்கம் அப்படி' என்று விளக்குவது, எளிதில் 'அப்படியே இருக்கட்டும்' என்று முடிந்துவிடும்.

அம்பேத்கர் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். கொலம்பியாவிலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்றவர் அவர். 1923-இல் வெளியான ரூபாய் பற்றிய நூலில் நாணய வரலாற்றை வைத்தே கோட்பாட்டைச் சோதித்தார். 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி ஒருவரைத் தொழில் மாற விடாததால் அதுவே வேலையின்மைக்கு நேரடிக் காரணமாகிறது என்று வாதிட்டார். இந்த வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். உழைப்பு தடையின்றி நகர வேண்டும் என்பது கோட்பாடு தரும் அளவுகோல். நகர விடாத வேலி எங்கே இருக்கிறது என்பது வரலாறு தரும் சான்று. இரண்டையும் சேர்த்ததால்தான், சாதியை ஒரு 'வழக்கமாக' விட்டுவிடாமல் ஒழிக்க வேண்டிய பொருளாதார அமைப்பாக அவரால் காட்ட முடிந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சந்தை தீர்மானித்த கூலி' என்று யாராவது எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வேலையை விட்டு விலக அவர்களுக்கு உரிமை இருந்ததா? வேறு வேலைக்கு யார் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்? நிலம் யார் கையில், எப்போதிலிருந்து? மலக்குழியில் இறங்குகிறவரின் கூலிக் கணக்கை இந்தக் கேள்விகள் இல்லாமல் எந்த விதியாலும் போட முடியாது.

ஜெய் பீம்.