மண் இட்லியும் ஃபவுண்டரி ஷாப்பும்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொறியியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசப் போவது மைதா மாவு பற்றி. சிரிக்காதீங்க, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

நம் முதலாண்டு ஃபவுண்டரி ஷாப் ஞாபகம் இருக்கிறதா? மணலைச் சலித்து, களிமண் சேர்த்து, தண்ணீர் தெளித்துக் கலந்து, பேட்டர்னைச் சுற்றி இடித்து நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டர்னை உருவுவோம். தண்ணீர் கூடினால் மணல் ஒட்டிக்கொண்டு வரும். குறைந்தால் ஓரம் உதிரும். இதே வேலையைத்தான் நான்கு வயதுக் குழந்தை கொட்டாங்குச்சியில் ஈர மண்ணை அமுக்கிக் கவிழ்த்து 'இட்லி' சுடும்போது செய்கிறது. இட்லி உடைந்தால் அதற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடியும் சுடுகிறது. ஈரப்பதம் என்ற சொல் தெரியாமலே ஈரப்பதத்தைக் கை கற்றுக்கொள்கிறது.

நாம் வளர்ந்தபோது இதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பி. நுங்குக் கூந்தல் இரண்டும் ஒரு குச்சியும் கிடைத்தால் வண்டி. இன்று நம்மில் பலர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மண் கிடையாது. கிடைத்தாலும் 'தொடாதே, அழுக்கு' என்கிறோம். பிள்ளை அழுதால் செல்போனைக் கொடுக்கிறோம். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஆனால் போனைப் பிடுங்குவது மட்டும் தீர்வாகாது. காலியான அந்தக் கையில் எதையாவது கொடுக்க வேண்டும்.

எதைக் கொடுப்பது? நான் வீட்டில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பிசை மாவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டால் சிவப்பு. மூடி வைத்தால் சில நாள் தாங்கும். கடையில் டப்பாவில் விற்கும் ப்ளே-டோவுக்கு ஒரு கதை உண்டு. அது முதலில் அமெரிக்க வீடுகளில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் பசையாக இருந்தது. நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் பசைக்கு வேலை போயிற்று. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1956-ல் அது பொம்மைச் சாமானாகக் கடைக்கு வந்துவிட்டது!

இரண்டு, சோள மாவுக் குழம்பு. இரண்டு பங்கு கார்ன்ஃப்ளவர், ஒரு பங்கு தண்ணீர். மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் கல் மாதிரி நிற்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 'நான்-நியூட்டோனியன்' என்று ஒரு வரியில் படித்துத் தாண்டினோமே, அதுதான் இது. முடிந்ததும் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

மூன்று, காகிதக் கூழ். பழைய பேப்பரைக் கிழிப்பதே பாதி விளையாட்டு. ராத்திரி ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் அப்பிக் காயவிட்டால் கூடை. நம் பாட்டிமார்கள் செய்த அதே கூடை. பசை வேண்டுமென்றால் மைதாவைக் காய்ச்சிக்கொள்ளலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையில் கூடவே கூடாது.

நான்கு, மஞ்சள் ஓவியம். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு எழுதினால் சிவப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சள். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்தபோது இருந்ததைவிட இதில் ஆச்சரியம் அதிகம்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. உப்பு மாவையும் பச்சை மாவையும் தின்ன விடக் கூடாது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மணி, புளியங்கொட்டை போன்ற சின்னப் பொருள் வேண்டாம், தொண்டையில் சிக்கும். வாளித் தண்ணீரில் விளையாடும்போது ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

தம்பிமார்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரவிந்த் குப்தா. 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் முடித்தவர். புனேயில் லாரி தயாரிக்கும் டெல்கோ கம்பெனியில் வேலை. 1978-ல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கோத்து வடிவங்கள் செய்தார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ட்ரஸ் பாலத்தின் தத்துவம் பத்துப் பைசா செலவில்! குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே பிறகு வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. எல்லாரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் படிப்பு போய்ச் சேரக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று என்று சொல்கிறேன்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு எதைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும். பிள்ளை யானை செய்தால், 'கால் சமமா இல்லையே' என்று கை போகும். எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: கேட்டால் ஒழிய அடுத்தவர் மாவைத் தொடுவதில்லை. யானை கோணலாக நிற்கட்டும். விழுந்தால், எந்தக் கால் குட்டை என்று அதுவே கண்டுபிடிக்கும். நாம் போய் நிமிர்த்தினால் அந்தக் கண்டுபிடிப்பு நமக்குப் போய்விடும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டாததை வாங்கிக் கொடுக்க நாம் இருக்கிறோம். அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளும் அதே வயதுதான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. அங்கே பணியாளர் சமையல், எடை, பதிவேடு என்று எல்லாம் பார்த்துக்கொண்டுதான் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறார். நாம் கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நிதி திரட்டுகிறோம், நல்லது. அதோடு, கல்லூரியைச் சுற்றியுள்ள அங்கன்வாடிகளுக்கு, அவர்கள் அனுமதியோடு, மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் போவோம். ஊரில் இருக்கும் பழைய மாணவர் இரண்டு பேர், இன்றைய மாணவர் நான்கு பேர். செலவு மாவும் உப்பும் பழைய பேப்பரும்தான். பெருக்கித் துடைத்துவிட்டு வருவதும் நம் வேலை, அதைப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது.

விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயர் எழுதுங்கள். முதல் சனிக்கிழமைக்கு மாவு என் பொறுப்பு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.