நெறியாளரைத் தேர்தல்

(நிர்வாக சபையாரின் இரண்டு நாள் ஆலோசனைக்கு முன்னர் நமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சங்கத்தின் நிர்வாக சபையார் அடுத்த மாதத்தில் தம் சொந்த அலுவல்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு நாட்கள் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் ஒருங்கே தங்கி, மாணவர் விடுதியின் எதிர்காலத்தைப் பற்றி ஆலோசிப்பதென்று நிச்சயித்திருப்பது உங்களனைவருக்கும் தெரிந்த விஷயமே. அவ்வாலோசனையை நடத்திக் கொடுப்பதற்கு யாரை அழைப்பது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். விடுதியைப் பற்றிப் பேச வேண்டியிருக்க, பேச்சை நடத்துகிறவரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை நமது சொந்த அநுபவத்திலேயே இருக்கின்றது. ஆதலின் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் முன்னோர் விடுதியைக் கட்டிய காலத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் தங்கிப் படிக்க வேறு இடமில்லை. இப்பொழுதோ பல ஊர்களில் கல்லூரிகள் ஏற்பட்டு, பஸ் வசதியும் பெருகிவிட்டபடியால், விடுதி அறைகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. கூரையும் ஒழுகுகிறது. சாலையோரத்து மனையையும் சேர்த்துக் கலியாண மண்டபமாகக் கட்டி, அதன் வருமானத்தால் ஏழை மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்பது ஒரு கட்சி. பெண் பிள்ளைகளுக்கு விடுதியாக மாற்ற வேண்டும் என்பது மற்றொரு கட்சி. எல்லாச் சமூகத்து ஏழை மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது இளைஞர்களது அபிப்பிராயம். மூன்றிலும் நியாயம் உண்டு. எனினும் மூன்றையும் ஒரே கட்டிடத்தில் நிறைவேற்றுதல் இயலாது.

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே விஷயத்துக்காக ஒரு நாள் கூடினோம். கூட்டத்தை நடத்திக் கொடுக்கும்படி நம் சமூகத்தில் நன்மதிப்புள்ள ஒரு பெரியவரை வேண்டிக்கொண்டோம். அவரும் சிரமத்தைப் பாராமல் வந்தார். ஆனால் ஆரம்ப உரையிலேயே, மண்டபம் கட்டுவதே உசிதம் என்று தமது கருத்தை வெளியிட்டுவிட்டார். அதன்பின் அவர் முகத்துக்கெதிரே மாறுபட்டுப் பேசத் துணிந்தவர் ஒருவருமில்லை. நம் சபையின் பெண் அங்கத்தினர் இருவர், அறை கிடைக்காமல் திண்டாடும் மாணவிகளின் விவரங்களை ஊர் ஊராக விசாரித்து எழுதிக் கொண்டுவந்திருந்தனர். அந்தக் காகிதம் கைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. ஏகமனதாக நிறைவேறிய அத்தீர்மானத்தின்படி இன்றுவரை ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. மனமொப்பாதவர்கள் வாயால் மறுக்கவில்லை. காரியத்தில் ஒத்துழையாமல் இருந்துவிட்டார்கள். இளைஞர் மூவர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் அப்பெரியவர்மீது குற்றமில்லை. குற்றம் முழுவதும் அவரை அழைத்த எங்களுடையதே. நாங்கள் மண்டபக் கட்சியினர். அவருடைய எண்ணமும் அதுவே என்பதை நாங்கள் முன்னமே அறிந்திருந்தோம், அறிந்தே அழைத்தோம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அக்கதையாயிற்று. பின்னொரு நாள் அப்பெண் அங்கத்தினருள் ஒருவர் நம்மிடம், “அண்ணா, அன்றைக்கு எங்கள் யோசனையைக் கேட்கவா கூப்பிட்டீர்கள்? கை தட்டத்தானே கூப்பிட்டீர்கள்” என்றார். அதற்குச் சொல்ல நம்மிடம் பதிலில்லை.

ஆகையால் இம்முறை அத்தவறு நேராதிருக்க வேண்டும். அதற்கு, நாம் தேடும் ஆள் எத்தகையவர் என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். இங்கிலீஷில் பெஸிலிடேட்டர் என்று வழங்கும் இவரை நெறியாளர் என்று சொல்லலாம். இவர் அக்கிராசனர் அல்லர். அக்கிராசனருக்குச் சபையில் அதிகாரமும் வோட்டும் உண்டு, நெறியாளருக்கு இரண்டும் இல்லை. மத்தியஸ்தரும் அல்லர், இரு கட்சியாரின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வேலை இவருடையதன்று. கட்டிடக் கலையிலோ கணக்கிலோ வல்ல நிபுணரும் அல்லர். பின் இவர் வேலைதான் யாது? எல்லோரும் பேசும்படி செய்தல்; பேசியதை எல்லோரும் கேட்கும்படி செய்தல்; பேச்சு வழி தவறும்போது மீட்டுக் கொண்டுவருதல்; முடிவில் இன்னது சம்மதம், இன்னது சம்மதமில்லை என்று ஒளிக்காமல் எழுதி வைத்தல். முடிவு செய்யும் பொறுப்பு என்றும் சபையாருடையதே.

இவ்வேலைக்கு முதன்மையான தகுதி படிப்பன்று, பதவியன்று. தம் கையில் ஒன்றும் மறைத்து வைத்திருக்கவில்லை என்று எல்லோரும் காணும்படி இருத்தலே முதல் தகுதி. இதற்கு நம் நாட்டிலேயே பழமையான ஓர் உதாரணம் இருக்கின்றது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றுள் கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை விவரமாகக் கூறுகின்றது. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வந்து சேரும். நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு வாசிக்க வேண்டும். அவனுக்குப் பின் அங்கிருக்கும் நம்பிமாரும் அதை வாசிப்பர். அது பிராமணர்களின் ஊர்ச்சபை; நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடமுண்டு. அந்த நிபந்தனைகள் இன்று நமக்கு ஒவ்வா. ஆயினும் விரித்த உள்ளங்கையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஓலையை வாசிப்பவன் யோக்கியன் என்று ஊரார் நம்பினால் மட்டும் போதாது. அவன் விரலிடுக்கில் வேறு ஓலை இல்லையென்பதைக் கண்ணால் காணவும் வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னரே விதித்திருக்கிறார்கள்.

இனி, சிலருக்குக் கசப்பாயிருக்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடையது சமூகச் சங்கம். இங்கே ஒருவருக்கொருவர் மாமன், மைத்துனன், சம்பந்தி, பங்காளி என்ற உறவில்லாதார் அரியர். அன்பையும் உதவியையும் வளர்ப்பதற்கு இவ்வுறவு பெரும்பலம். ஆனால் நெறியாளரைத் தேடும்போது இதுவே இடையூறாகின்றது. நம்முள் எவரை நிறுத்தினாலும், அவருக்குப் பெண் கொடுத்தவர் ஒரு பக்கமும், பெண் எடுத்தவர் மறுபக்கமும் இருப்பார்கள். அவர் நடுநிலையாகவே நடந்தாலும் நடுநிலை என்று நம்ப ஆளிருக்காது. ஆதலின் நெறியாளர் நம் சமூகத்துக்கு வெளியேயிருந்து வருதலே நன்று என்பது நமது துணிபு.

வீட்டு விஷயத்தை வெளியார் முன் விரிக்கலாமா, ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாயிற்றே என்று பெரியோர் அஞ்சுவது இயல்பு. நம்முடையதைக் காட்டிலும் பன்மடங்கு கொடிய பிணக்கு ஒன்றில் என்ன நடந்ததென்று பாருங்கள். வட அயர்லாந்தில் இரு தரத்தாரும் முப்பது வருஷமாக உயிர்ச்சேதத்தோடு போராடி வந்தனர். 1996-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆரம்பித்த பேச்சுவார்த்தைக்கு அந்நாட்டார் எவரையும் தலைமையில் இருத்த இயலவில்லை. அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ் மிச்செல், கனடாவிலிருந்து ஜான் டி சாஸ்டலெயின், பின்லாந்திலிருந்து ஹாரி ஹோல்கேரி ஆகிய மூன்று வெளிநாட்டார் நியமிக்கப்பட்டனர். மிச்செல் தலைமை வகிப்பதை ஒரு கட்சியார் ஆரம்பத்திலேயே பலமாக எதிர்த்தார்கள். அவர் அதற்காகச் சினந்து எழுந்து போய்விடவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருஷகாலம் பொறுமையுடன் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டார். உரிய சமயம் வந்தபோது, 1998 ஏப்ரல் 9 என்று கெடு வைத்தார். கெடு கழிந்து மறுநாள் உடன்படிக்கை ஏற்பட்டது. அதே வருஷம் மே மாதத்தில் வட அயர்லாந்து ஜனங்களில் வோட்டளித்தவர்களுள் நூற்றுக்கு 71 பேர் அதை ஒப்புக்கொண்டனர். உயிர்ப்பகையையே வெளியார் முன் பேசித் தீர்த்தார்களென்றால், ஒரு விடுதிக் கட்டிடத்தைப் பற்றிப் பேச நாம் கூசுவதற்கு என்ன இருக்கின்றது?

அன்றியும், திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறையைக் கவனியுங்கள். ஆராய்ந்து தெளிவதைப் பற்றி 51-ஆம் அதிகாரம். தெளிந்தவரிடம் காரியத்தை ஒப்புவிப்பதைப் பற்றி 52-ஆம் அதிகாரம். அதற்குப் பின்னரே 53-இல் சுற்றந்தழால் வருகின்றது. உறவினரைத் தழுவ வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆள் தேர்வுக்குப் பின்னரே அதை வைத்திருக்கிறார்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. முதலாவது, ஆளைத் தேடுமுன் கேள்வியை எழுத வேண்டும். “விடுதியைப் பற்றி ஆலோசனை” என்பது கேள்வியாகாது. “அடுத்த பத்து வருஷத்தில் இந்தக் கட்டிடம் யாருக்குப் பயன்பட வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?” என்பது கேள்வி. கேள்வி ஒரு வரியில் அமையாவிட்டால், எந்த நெறியாளரும் நமக்கு உதவ முடியாது.

இரண்டாவது, தேர்ந்தெடுப்பதைக் காரியதரிசியிடம் மட்டும் விட்டுவிடலாகாது. மூன்று அபிப்பிராயத்துக்கும் ஒவ்வொருவராக மூவரை நியமித்து, மூவரும் சம்மதிக்கும் ஆளையே அழைக்க வேண்டும். “இவர் வந்தால் நமக்கு அநுகூலம்” என்று எந்தக் கட்சியார் மனத்தில் மகிழ்ச்சி தோன்றுகிறதோ, அக்கட்சியாரே அவரை விலக்கிவிடுதல் தர்மம். கட்டிட ஒப்பந்தம், நிலத் தரகு, கடன் கொடுத்தல் முதலியவற்றில் சம்பந்தமுள்ளவர்கள் எவ்வளவு நல்லவராயினும் இவ்வேலைக்கு ஆகார்.

மூன்றாவது, இரண்டு மூன்று பேரையாவது நேரில் கண்டு பேச வேண்டும். அப்போது கேட்க வேண்டியவை சில உள. கூட்டத்துக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் தனியே பேசுவீர்களா? பேசியதை, இன்னார் சொன்னார் என்று வெளியிடாமல் காப்பீர்களா? ஒருவர் அரைமணி நேரம் விடாமல் பேசினால் என்ன செய்வீர்கள்? வாய் திறவாதவரை எப்படிப் பேசவைப்பீர்கள்? இரண்டு நாளில் முடிவு ஏற்படாவிட்டால் என்ன சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியே உரைகல். “நிச்சயம் முடித்துக் கொடுத்துவிடுகிறேன்” என்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். அவர் கையில் ஏதோ ஓலை இருக்கின்றது. “முடிவு உங்களுடையது; எதுவரை உடன்பட்டீர்கள் என்பதை உண்மையாக எழுதிக் கொடுப்பேன்” என்பவரே நமக்கு வேண்டியவர். நம்மிடம் கேள்வி கேளாமல் தம் பெருமையையே பேசுகிறவரும் வேண்டாம். பிறர் சொல்லைக் கேட்பதே தொழிலாக வருகிறவர் முதல் நாளிலேயே அதைக் காட்டிவிடுவார். கிராமத்திலிருந்து வரும் நம் அங்கத்தினர் பேசும் தமிழிலேயே அவர் கூட்டத்தை நடத்தக்கூடியவராகவும் இருத்தல் அவசியம்.

நான்காவது, கூலி. தர்ம காரியந்தானே, இலவசமாக வரட்டும் என்பது நம்மவர் வழக்கம். இலவசமாக வந்தவரை வேலை சரியில்லையென்று சொல்ல நம் நாக்கு எழாது. நியாயமான தொகையைப் பேசி, எத்தனை நாள், என்ன வேலை, எழுத்து மூலமான அறிக்கை என்றைக்கு வரும் என்பவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொள்வதே இரு தரத்தாருக்கும் மரியாதை.

நெறியாளரால் ஆகாதவையும் உண்டு. தணிக்கை செய்த கணக்கு, கட்டிடத்தைப் பழுதுபார்க்க ஆகும் மதிப்பீடு, அறை வேண்டுவோரின் விவரம் ஆகியவை கையில் இல்லாமல் கூடினால், எவர் நடத்தினாலும் அது வெறும் பேச்சே. ஆலோசனையில் ஏற்பட்ட உடன்பாட்டை முறைப்படி அறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய சபையில் தீர்மானமாக்கிப் பதிவுசெய்யவும் வேண்டும். சங்கச் சொத்தைப் பற்றிய முடிவு பொதுச் சபையின் முன் வராமல் நடைபெறலாகாது. முடிவை முன்னமே செய்துவைத்துக்கொண்டு, அதற்கு அலங்காரமாக நெறியாளரை அழைப்பதானால், அச்செலவில் விடுதிக் கூரையின் ஒரு மூலையைச் சரிசெய்வது மேல்.

சகோதர சகோதரிகளே! நமக்கு இன்றும் மண்டபமே சரியென்று தோன்றுகின்றது. அதை மறைக்கவில்லை. மறைக்காததனாலேயே நெறியாளரைக் குறித்து முதற் பெயரை நாம் சொல்ல மாட்டோம். அன்று காகிதத்தைக் கைப்பையிலேயே திரும்பக் கொண்டுபோன இரு சகோதரிகளும் முதலில் பெயர் சொல்லட்டும். விலகி நிற்கும் இளைஞர் மூவரையும் வீடு தேடிச் சென்று அழைத்துவருவது நம் பொறுப்பு. எல்லாவற்றையும் கேட்ட பின் நம் எண்ணம் தோற்குமாயின், தோற்ற எண்ணத்தோடு கூரையேறி ஓடு மாற்ற நாமும் வருவோம். மனமொப்பிய சிறிய முடிவு ஒன்று, மனமொப்பாத ஏகமனதுத் தீர்மானங்கள் பலவற்றினும் சங்கத்தை நெடுங்காலம் தாங்கும்.