காரத்தை விரும்பும் நுண்ணுயிர்கள்



சோற்றைச் சிறிது நேரம் மென்றுகொண்டிருந்தால் நாவில் மெல்லிய இனிப்புத் தட்டும். நம் உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதியே அதற்குக் காரணம். மாவுப்பொருள் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சரம். அச்சரத்தை அமிலேஸ் ஆங்காங்கே அறுக்கிறது. ஆனால், சலவைச் சோடா கரைத்த நீரில் இந்த நொதியை இட்டால் அதன் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குக் காரம் ஆகாது.

காரத்தையே விரும்பும் உயிர்கள் உண்டா? மிகச் சிலரே இதில் நாட்டம் செலுத்தியிருந்தனர். 1968ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் கோகி ஹொரிகோஷி இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தார். அங்குள்ள பழங்கட்டடங்களைக் கண்டபோது, தம் நாட்டு நாகரிகத்துக்கு முற்றிலும் வேறான ஒன்று இங்கே தழைத்திருக்கிறதே, நுண்ணுயிர்களிலும் நாமறியாத உலகம் ஒன்று இருக்கலாமே என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். நாடு திரும்பியதும் சோடியம் கார்பனேட் கலந்த ஊட்டக்கரைசலை 30 சோதனைக் குழாய்களில் ஊற்றி, ரிக்கென் ஆய்வுக்கழகத்து மண்ணைச் சிறிது சிறிதாக இட்டார். மறுநாள் 30 குழாய்களிலும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன! தொலைதூரத்துச் சோடா ஏரிகளைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. காலடி மண்ணே போதுமானதாயிற்று.

அத்தகைய பாசில்லஸ் இனம் ஒன்றின் அமிலேஸ் பற்றி அவர் 1971இல் அறிவித்தார். நடுநிலை 7 என்னும் அளவுகோலில், அந்நொதி 10க்கும் 10.5க்கும் இடையில்தான் மிக நன்றாக வேலை செய்தது. இது எப்படி? மாவுப்பொருளின் மூலக்கூறு மிகப் பெரிது. பாக்டீரியாவின் உடலுக்குள் நுழையாது. ஆகவே அது நொதியை வெளியே அனுப்பி, வாசலிலேயே மாவை உடைத்து, சிறு துண்டுகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. உடலின் உட்புறத்தை அது காரம் மிகாமல் காத்துக்கொள்ளும். வெளியே செல்லும் நொதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது காரத்தைத் தாங்கியே ஆகவேண்டும்.

சலவைத் தூள் கரைந்த நீரும் காரமே. துணியில் படிந்த கஞ்சிக் கறையைப் போக்க இவ்வகை நொதிகள் அதில் சேர்க்கப்படுகின்றன. எனினும், எங்கள் பார்வையில் இதைவிடப் பெரிய பயன் வேறொன்று.

மாவுச்சரத்தை அறுப்பதோடு நில்லாமல், அறுத்த துண்டின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கும் நொதியும் உண்டு. ஆறு, ஏழு அல்லது எட்டு மணிகள் கொண்ட இவ்வளையத்திற்குச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று பெயர். பிரான்சு நாட்டின் வில்லியர்ஸ் இதை 1891லேயே கண்டறிந்தார். வளையத்தின் வெளிப்புறம் நீருடன் உறவாடும்; உட்குழியோ எண்ணெய்த் தன்மையுள்ளவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இத்தனை சிறப்பிருந்தும் அது நெடுங்காலம் விலையுயர்ந்த ஆய்வுக்கூடப் பொருளாகவே இருந்தது. பழைய முறையில் விளைச்சல் குறைவு. பிரித்தெடுக்க டிரைகுளோரோஎத்திலீன் போன்ற நச்சுக் கரைப்பான்கள் வேறு தேவைப்பட்டன. உண்ணும் பொருளில் அதை எப்படிச் சேர்ப்பது?

காரம் விரும்பும் பாசில்லஸ் ஒன்றின் நொதி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கரைப்பான் இன்றியே மிகுதியான வளையங்கள் கிடைத்தன. விலையும் வெகுவாக இறங்கியது. ஜப்பானில் வசாபியின் எளிதில் ஆவியாகும் காரநெடியை இவ்வளையங்களில் அடைத்துப் பொடியாக்கினர். நீரில் கரையாத மருந்துகளைக் கரையவைக்கவும் அவை உதவுகின்றன. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்ட ரெம்டெசிவிர் மருந்தைக் கரைத்துத் தாங்கியதும், வேதிமுறையில் சற்று மாற்றப்பட்ட ஏழுமணி வளையமேயாகும்.