ஓசையின்றி நேரும் பிழைகள்: தரவுத்தளக் காவலும் தமிழ் எழுத்தும்



மொழியை வளர்ப்பது பற்றி இவ்வரங்கில் பலரும் பேசியுள்ளனர். இன்று நாம், எழுதி வைத்ததைக் காப்பது பற்றிச் சிந்திப்போம். மாணவரின் பெயர், நூலின் தலைப்பு, தேர்வின் மதிப்பெண் யாவும் இன்று தரவுத்தளங்களில் வாழ்கின்றன. 1970ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் முன்மொழிந்த உறவுநிலைக் கோட்பாட்டின்படி, அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைந்துள்ளன. அவற்றை நாள்தோறும் காத்து நிற்பவரே தரவுத்தள நிர்வாகி.

கணினி நின்றுவிட்டால் அனைவரும் உடனே அறிவர், சீர்செய்யவும் முனைவர். எல்லாம் இயங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஓசையின்றி நேரும் பிழையே நிர்வாகி அஞ்ச வேண்டியது. இதனை நாங்கள் பட்டறிந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கல்வி அமைப்பின் மாணவர் பதிவேட்டைப் பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாற்றினோம். இரண்டையும் இணைத்த வழியில், தமிழை அறியாத எழுத்துக் குறியாக்கம் அமைந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்கள் பழுதின்றிச் சென்றன. பதிவுகளின் எண்ணிக்கையும் சரியாக இருந்தது. தமிழில் எழுதிய பெயர்கள் மட்டும் வினாக்குறிகளாயின. அன்றாடத் திரையில் ஆங்கில வடிவமே தோன்றியதால் எவரும் அறியவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் அச்சிட்ட நாளில்தான் உண்மை தெரிந்தது. அதற்குள் பழைய கணினி துடைக்கப்பட்டுவிட்டது. நாள்தோறும் காப்புப் படி எடுத்திருந்தோம். ஆயினும் ஏழு நாள் படிகளையே வைத்திருந்தோம். ஏழிலும் வினாக்குறிகளே இருந்தன. வினாக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால், அதிலிருந்து மூல எழுத்தைப் பெற வழியில்லை. ஆசிரியர்கள் தாள் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டெழுதினர். தாளிலும் இல்லாத பெயர்களுக்காக இல்லங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். "உங்கள் பிள்ளையின் பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று பெற்றோரிடம் கேட்கும்போது எங்கள் குரல் தாழ்ந்தது.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய பிழைக்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புப் படியை நாடியபோது, அதனை எடுக்கும் செயல் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் உரியவரை எட்டவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த படியே கைகொடுத்தது. நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டதால் நாமும் பாடம் கற்கிறோம்.

தமிழ் எழுத்துக்கென்று தனி இடர்களும் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் கொள்ளும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து; கணினிக்கு ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். 'கலைச்செல்வி' என்னும் பெயருக்கு முப்பத்து மூன்று பைட் வேண்டும். பெயருக்கு முப்பது பைட் மட்டும் ஒதுக்கியிருந்தால், சில மென்பொருள்கள் பிழைச்செய்தி தந்து நிறுத்தும். சில பேசாமல் வெட்டிவிடும். அப்போது அம்மாணவி 'கலைச்செல்வ' ஆகிவிடுவாள்.

தேடலிலும் இடருண்டு. 'கோமதி' என்பதன் முதலெழுத்தை, ஓகாரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறிகளை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்திற்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே சேமிக்கும் முன்னரே ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். வரிசையிலும் அவ்வாறே: அகராதியில் 'அக்கா' முன்னும் 'அகம்' பின்னும் வரும். ஒருங்குறியின் எண் வரிசையில் புள்ளி பிற்பட்டிருப்பதால் இவ்வரிசை தலைகீழாகும். தமிழுக்குரிய வரிசை விதியைத் தேர்ந்தாலன்றி இது சீராகாது.

இனி, நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். மீட்டுப் பார்க்காத காப்புப் படியை நம்பலாகாது. மாதம் ஒருமுறையேனும் வேறொரு கணினியில் மீட்டு, பதிவுகளை எண்ணுவதோடு நில்லாமல் சில தமிழ்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாள், வாரம், மாதம் என அடுக்கடுக்காகப் படிகளைச் சேமியுங்கள். ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். பதிவுகளை அழிக்கும் முன், அதே நிபந்தனையுடன் தேடிப் பார்த்து, எத்தனை பதிவுகள் அகப்படுகின்றன என்று எண்ணுங்கள். பிழைச்செய்தி வரவில்லை என்பதை வெற்றி என்று கொள்ளாதீர்கள். வெற்றிச் செய்தி வந்ததா என்று பாருங்கள்.

ஆசிரியர்களே, தரவுத்தளப் பாடத்தில் மாணவர் தம் பெயரையே தமிழில் இட்டுச் சோதிக்கட்டும். மாணவர்களே, எழுத்தின் வரிசையும் மெய்யின் புள்ளியும் தேர்வுக்கு மட்டும் உரியவை என எண்ணாதீர்கள். 'அக்கா' முன்னே வரவேண்டும் என்று அறிந்தவரே கணினியின் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். அன்று எங்கள் பணியறையில் அச்சிடும் முன் ஒருவர் ஒரு பெயரைத் தமிழில் படித்திருந்தால், அத்தனை பெயர்களும் பிழைத்திருக்கும்.