எங்கள் மைதானத்துப் பெயர்கள்

(யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யூபிலி மேடையிலே உதைபந்தாட்டப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். யாழ்ப்பாணக் கரையோரப் பங்குகளில் கோயிலுக்கு அடுத்தபடியாக மக்கள் கூடிய இடம் மைதானமே. குருநகர் பாடும் மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ் என்று கழகங்களின் பெயரிலேயே எங்கள் ஊர்கள் அறியப்பட்டன.

விடியற்காலையில் வலையோடு கரைக்கு வந்தவர்களே மாலையில் வெறுங்காலோடு பந்தாடினார்கள். ஞானஸ்நானப் பெயரை அறியாதவர்களும் அவர்களுடைய பட்டப்பெயரை அறிவார்கள். மதிலின்மேல் குந்தியிருந்த நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்தினோம். தோற்ற அன்று பல வீடுகளில் அடுப்பு எரியாது. எதிரூராரோடு சண்டையிட்டோம், பின்னர் அங்கேயே பெண் எடுத்தோம், பெண் கொடுத்தோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு யாழ் நகரும் வலிகாமமும் இடம்பெயர்ந்தபோது, கிண்ணங்களையும் குழுப்படங்களையும் வீட்டிலேயே விட்டுச் சென்றோம். 1996இல் நாங்கள் திரும்பியபோது அவை இல்லை. அன்று ஆடியவர்களில் பலர் இன்று சேமக்காலையில் துயில்கிறார்கள். வேறு பலர் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ நகரங்களில் வாழ்கிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு ஆட்டக்காரரின் பெயர், பட்டப்பெயர், அவர் ஆடிய இடம், ஆடிய ஆண்டுகள் ஆகியவற்றை எழுதிப் பங்குமனையில் ஒப்படைக்கவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர் உண்டு. அவர்கள் போட்ட கோல் அதில் இல்லை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது சிலரே இருக்கிறோம். இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.